மனிதக் கை படாத ஆய்வகம்

ரசாக்குக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் ஆடி மாதத்து ஈரக்காற்று.

மதுக்கரைக்கு அப்பால், மலையைப் பார்த்தபடி கட்டியிருந்த கொங்கு தானியங்கிப் பொருளாய்வு மையத்தில் மனிதர்கள் யாரும் வேலை செய்வதில்லை. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. தீட்சண்யா என்ற செயற்கை நுண்ணறிவு, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு பொருளை யோசிக்கும். அதற்கு எந்தெந்தத் தூளை என்ன அளவில் கலக்க வேண்டும் என்று இயந்திரக் கைகளுக்குச் சொல்லும். கைகள் தூளைச் சின்னக் கிண்ணத்தில் பிடித்து, உலையில் வைத்து, வெந்ததை எடுத்து எக்ஸ்ரே கருவியில் காட்டும். அதைப் பார்த்துத் தீட்சண்யா பாடம் கற்றுக்கொண்டு அடுத்த பொருளை யோசிக்கும். மில்களிலும் வார்ப்பட ஆலைகளிலும் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளர்களுக்கு, மிக நுண்ணிய தூசியையும் தடுக்கிற முகக்கவசம் செய்ய ஒரு புதிய பொருளைக் கண்டுபிடிப்பது மையத்தின் நோக்கம். அதுவும் முதல் பக்கத்தில் இருந்தது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றைப் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை. ஈரம் பட்டதும் தூள் கட்டி தட்டி, கிண்ணத்தில் கொட்டும் புனல்களில் அடைத்துக்கொண்டது. இயந்திரக் கை வெறும் கிண்ணத்தை நீட்டிப் பிடித்தது, வெறும் கிண்ணத்தை ஆயிரத்து நூறு டிகிரியில் வேகவைத்தது, வெறும் கிண்ணத்தை எக்ஸ்ரே கருவியில் காட்டியது. தீட்சண்யா ஏழு வாரம் வெறும் கிண்ணங்களிலிருந்து பாடம் கற்றது. எட்டாவது வாரம், எந்தத் தூளை எதோடு கலந்தாலும் கடைசியில் கிண்ணம்தான் கிடைக்கும் என்ற முடிவுக்கு வந்தது. மையத்தின் இயக்குநர் முனைவர் சுந்தரராஜுலு அதை ஒரு மாநாட்டில் கட்டுரையாக வாசித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் நிர்வாக அலுவலர் தம்பிதுரை, சிங்காநல்லூரில் மூடிப்போன ஒரு வார்ப்பட ஆலையில் இருபத்திரண்டு வருடம் மணல் பதம் பார்த்த ரசாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு வரச்சொன்னார். ரசாக் உக்கடத்தில் பேருந்து ஏறி வந்தார். புனல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு ரப்பர் சுத்தியல் கேட்டு வாங்கி, புனலின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். தூள் கொட்டியது.

“தட்டினா மட்டும் பத்தாதுங்க சார். காய வெச்சு, மறுக்கா அரைச்சு, சலிச்சுப் போடோணுங்க. தெனமும் செய்யோணும்,” என்றார்.

“அப்ப நாளைலேருந்தே வந்துருங்க பாய்,” என்றார் தம்பிதுரை.

தம்பிதுரை தங்கமான மனிதர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். தீட்சண்யாவைக்கூட ‘அவங்க’ என்றுதான் சொல்வார். மறுநாள் ரசாக்கை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

“ஏனுங்க பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. மனுசக் கை படாத ஆய்வகம்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கறோம். உங்களை ஆளாச் சேர்த்தா திட்டமே போயிருமுங்க. அதனால கருவியாச் சேர்த்துப்போட்டேன். வேலை அதே வேலைதான்.”

ரசாக்குக்கு ஐம்பத்தோரு வயது. ஆலை மூடிய பிறகு ஒன்றரை வருடம் எங்கும் வேலை கிடைத்திருக்கவில்லை. சரி என்றார். ‘அதிர்வு அமைப்பு – 1’ என்று அச்சடித்த ஒரு ஸ்டிக்கரை அவருடைய நுழைவு அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி உம்மல் குல்சும் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலை நெரந்தரமாங்க?”

“நாலு வருசத்துக்கு உத்தரவாதம்னு சொன்னாங்க,” என்றார் ரசாக்.

வேலை கடினமாக இல்லை. தூளை அடுப்பில் காயவைப்பார், அரவை இயந்திரத்தில் அரைப்பார், சலிப்பார், புனலில் நிரப்பித் தட்டுவார். ஆறு புனல், நாற்பது வகைத் தூள். பார்வையாளர்கள் வரும் நாட்களில் மட்டும் வேதிப்பொருள் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மையம் புகழ்பெறப் பெறப் பார்வையாளர்கள் அடிக்கடி வந்தார்கள். கிடங்கில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டார் ரசாக். கருவிகளுக்கு ஸ்டூல் வாங்க விதியில் இடமில்லை. தம்பிதுரை தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுந்தரராஜுலுவின் உரையை ரசாக் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

“தவறு எங்கே நடக்கிறது? மனிதன் வேலை செய்கிற இடத்தில்,” என்று தொடங்குவார் இயக்குநர். “ஆகவே வேலையிலிருந்து மனிதனை எடுத்துவிட்டோம். இந்தக் கட்டடத்தில் மனிதர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். உரையாற்றுவது. அதையும் தீட்சண்யாதான் எழுதித் தருகிறது. நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்.”

ஒருமுறை வெளிநாட்டுக் குழுவொன்று வந்தபோது ரசாக்குக்கு இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. குழுவில் ஒருவர், அது என்ன சத்தம் என்று கேட்டார். காற்றழுத்தம் வெளியேறுகிறது, அது நல்ல அறிகுறி என்றார் இயக்குநர். வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். தங்கள் ஊர் ஆய்வகத்தில் அந்தச் சத்தம் வருவதில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டதாகவும் கேள்வி.

அன்று மாலை ரசாக் தம்பிதுரையிடம் போய் ஒரு முகக்கவசம் கேட்டார். அரைக்கும்போது தூள் புகை மாதிரி எழும்பி மூக்கிலும் வாயிலும் ஏறுகிறது என்றார்.

“கண்டிப்பா வேணுமுங்க பாய். கேக்கறது நாயம்தான்,” என்று தம்பிதுரை உடனே கணினியில் படிவத்தைத் திறந்தார். அணியப்போகிறவர் பெயர் என்ற கட்டத்தில் வந்து நின்றார். “பேரு போட்டா ஆளுன்னு ஆயிருங்களே.”

கொஞ்ச நேரம் யோசித்து, கருவிகளுக்கான பாதுகாப்புப் பொருட்கள் என்ற படிவத்துக்குப் போனார். பதினோரு நாள் கழித்து ரசாக்குக்கு ஒரு தூசி உறை வந்தது. இயந்திரத்தின் மேல் போர்த்துகிற பிளாஸ்டிக் உறை. ஆறடி உயரம், அடியில் நாடா. அதைப் போர்த்திக்கொண்டு அரைக்க முடியாது என்பதால், வழக்கம்போல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். அந்த வாரம்தான் முகக்கவசப் பொருளுக்கான ஆராய்ச்சியில் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் சாத்தியங்களைத் தீட்சண்யா யோசித்து முடித்திருந்ததாகச் செய்தித்தாளில் வந்தது.

யோசித்ததில் ஒன்றும் கையில் வரவில்லை. உலையிலிருந்து வந்த பொருட்களை எல்லாம் தீட்சண்யா பார்த்துவிட்டு, ‘ஏற்கெனவே அறியப்பட்டது’ என்றே எழுதிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு முப்பது புதிய பொருள் தருவதாக மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஆண்டு முடிய நாற்பது நாள் இருந்தது. இயக்குநர் ஒரு கூட்டம் போட்டார். கூட்டத்தின் முடிவில், ‘ஏற்கெனவே அறியப்பட்டது’ என்ற விடை தீட்சண்யாவின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த நாற்பது நாளில் மையம் முப்பத்தோரு புதிய பொருட்களைக் கண்டுபிடித்தது.

முடிவுகளைச் சரிபார்க்க வர்ஷினி என்ற ஆராய்ச்சியாளர் இருந்தாள். துடியலூர்ப் பெண், முனைவர் பட்டம் முடித்துப் புதிதாகச் சேர்ந்தவள். மையத்தில் ரசாக்கின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். ஏழாம் எண் பொருளை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அரவை அறைக்கு வந்தாள்.

“அண்ணா, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

ரசாக் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “சுண்ணாம்புங்க அம்மணி. போன மாசம் மந்திரி வர்றாருன்னு அவசரமா வெள்ளையடிச்சாங்களே, அது பேந்து பேந்து தட்டுல உழுந்துட்டிருக்குது.”

“எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதுங்க,” என்றாள் வர்ஷினி.

அவள் அதை இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

“உனக்குத் தெரிந்த பொருள் என்கிறாய். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், வெள்ளையடித்தவனுக்கும் தெரியும். தீட்சண்யாவுக்குத் தெரியுமா? தெரியாது. இந்த மையத்தில் கண்டுபிடிப்பது யார்? தீட்சண்யா. கண்டுபிடிப்பவருக்குத் தெரியாதது கிடைத்தால் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு. மனிதர்களுக்குத் தெரிந்திருப்பது இங்கே ஒரு தகுதி அல்ல.”

வர்ஷினியின் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் ஆண்டு தீட்சண்யா தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தது. எந்தெந்த நாட்களில் கிண்ணம் நிரம்புகிறது, எந்தெந்த நாட்களில் நிரம்பவில்லை என்று பழைய பதிவுகளை எல்லாம் அலசி, ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது. உலையின் சூடு, தூளின் வகை, கலக்கும் அளவு எதுவும் முக்கியமில்லை. அதிர்வு அமைப்பு – 1 இயங்குகிற நாளில் வேலை நடக்கிறது, இயங்காத நாளில் நடப்பதில்லை. ஆகவே அதை நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் இயக்கவும், வெள்ளிக்கிழமை மதியம் நின்றுபோகும் கோளாறைச் சரிசெய்யவும் பரிந்துரைத்தது.

“வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குப் போறதுங்க அது,” என்றார் ரசாக்.

“எனக்குத் தெரியுமுங்க பாய். அவங்களுக்குத் தெரியாதுங்களே,” என்றார் தம்பிதுரை. அவர் ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் ஆண்டு முடியும்போது ரசாக்கால் உக்கடம் பேருந்து நிலையப் படியை ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். குல்சும் வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“நுரையீரல்ல தூசி படிஞ்சு தழும்பாயிருச்சுங்க. இது பழையபடி ஆகாது. வீட்ல ஆக்சிஜன் மிஷின் வெச்சுக்கிட்டா ஓரளவு தாங்கும். எங்க வேலை பாக்கறீங்களோ அங்க ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. தொழில்நோய்னு எழுதித் தர்றேன், மிஷினுக்கு ஏற்பாடு ஆயிரும்.”

கடிதம்தானே என்று இருவரும் வந்தார்கள்.

தம்பிதுரை எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் கண்கலங்கினார். அது நடிப்பில்லை. மேசை மேல் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து குல்சுமுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

“எழுதிக் குடுக்கோணும்னு எனக்கு மனசு அடிச்சுக்குதுங்க. ஆனா பாய் இங்க வேலை செய்யறாருன்னு எழுதுனா இங்க ஒரு ஆளு இருக்கறாருன்னு ஆவுது. மூணு வருசமா மேலிடத்துக்குச் சொன்னது பொய்னு ஆவுது. பழைய ஆலையிலயே வாங்கிப்போடலாமுங்களே?”

“அது மூடி நாலரை வருசமாச்சுங்க,” என்றார் குல்சும். “எந்திரம்னு நெனச்சாவது ஏதாச்சும் பண்ணுங்க.”

தம்பிதுரைக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. அதிர்வு அமைப்புக்கு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. கருவிகள் விற்ற நிறுவனத்துக்கு அன்றே புகார் எழுதினார். பத்து நாளில் அங்கிருந்து ஒரு பொறியாளர் பெட்டியோடு வந்தார். ரசாக்கை எதிரே நிற்கவைத்து, வரிசை எண் கேட்டார். நுழைவு அட்டையைப் படம் எடுத்தார். இரண்டு முறை இருமச் சொன்னார். பிறகு, ‘தொடர் பயன்பாட்டால் இயல்பான தேய்மானம், உத்தரவாதத்தில் அடங்காது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது தனியாக ரசாக்கிடம், “எங்கப்பாவும் ஃபவுண்டரிலதாங்க இருந்தாரு. ஆவி புடிங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆதாரம் இருந்தால் மறுக்க முடியாது என்று வர்ஷினிக்குத் தோன்றியது. நெஞ்சில் படிந்திருப்பது பழைய ஆலையின் மணல் இல்லை, இந்த மையத்தின் தூள்தான் என்று காட்டிவிட்டால் கடிதம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ரசாக்கின் சளியை ஒரு கிண்ணத்தில் வாங்கி, உலர்த்தி, எரித்து, மிஞ்சிய சாம்பலை எக்ஸ்ரே கருவியில் வைத்தாள். வார்ப்பட மணல் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மீதி எல்லாம் இங்கே புனலில் போடுகிற உலோகத் தூள்கள். எந்த வார்ப்பட ஆலையிலும் இல்லாதவை. ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதினாள். மூன்று வருடத்தில் அவள் செய்த உண்மையான வேலை அது ஒன்றுதான் என்று அவளுக்கே தோன்றியது.

ஆனால் கருவியில் வைத்த எதையும் தீட்சண்யா பார்க்காமல் இருக்காது. அறியப்பட்டது என்ற விடை பட்டியலில் இல்லாததால், அதுவும் தன் முடிவை எழுதியது. புதிய பொருள், எண் தொண்ணூற்று நான்கு.

வர்ஷினி அறிக்கையோடு இயக்குநர் அறைக்குப் போனபோது அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“எந்த உலை?” என்றார்.

“உலை இல்லைங்க சார். அது ரசாக் அண்ணனோட நெஞ்சுல இருந்து எடுத்தது. நம்ம தூள்தான் சார் அது. அவருக்கு ஒரு கடிதம்...”

“மனித உடலின் சூடு முப்பத்தேழு டிகிரி,” என்றார் சுந்தரராஜுலு. “நாம் ஆயிரத்து நூறு டிகிரியில் மின்சாரத்தை எரித்துக்கொண்டிருக்கிறோம். இது முப்பத்தேழில் உருவாகியிருக்கிறது. எவ்வளவு நுண்ணிய தூசியானாலும் பிடித்துக்கொள்கிறது, வெளியே விடுவதில்லை. நம் திட்டத்தின் நோக்கம் என்ன? தூசியைப் பிடிப்பது. நிறைவேறிவிட்டது.”

“சார், அதுக்குள்ள ஒரு மனுசர் இருக்காரு. மனிதக் கை படாததுன்னு நாம...”

இயக்குநர் அதற்கும் யோசித்து வைத்திருந்தார். “நுரையீரல் கை அல்ல,” என்றார்.

அந்த வாரமே ரசாக் புனல் தட்டும் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, உலைகள் பிரிவுக்கு மாற்றப்பட்டார். புதன்கிழமைதோறும் வந்து ஒரு கிண்ணம் சளி கொடுக்க வேண்டும், வேறு வேலை இல்லை. தம்பிதுரை சும்மா இருக்கவில்லை. உலைகளுக்குப் பராமரிப்பு என்று ஒரு பிரிவு இருந்தது. உலைக்குக் காற்று செலுத்தும் கருவி என்று எழுதி, ஓர் ஆக்சிஜன் இயந்திரம் வாங்கி, தானே ஆட்டோவில் ஏற்றி உக்கடத்து வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். உலை இயங்குகிற வரைக்கும் இயந்திரம் அங்கேயே இருக்கலாம், கிண்ணம் வருவது நின்றால் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். குல்சும் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

ஐப்பசியில் காப்புரிமை விழா நடந்தது. முதல் முறையாக ரசாக்கைக் கிடங்குக்கு அனுப்பாமல் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் குல்சும். கண்டுபிடித்தவர்கள் என்று திரையில் தீட்சண்யாவின் பெயரும் சுந்தரராஜுலுவின் பெயரும் தெரிந்தன.

“விஞ்ஞானம் மனிதனை மறந்துவிட்டது என்கிறார்கள்,” என்றார் சுந்தரராஜுலு. “நாங்கள் மறக்கவில்லை. எங்கள் பொருள் மனிதனுக்குள்ளேயே இருக்கிறது. இதன் பயன் என்ன என்று கேட்கிறார்கள். பயன் என்பது அடுத்த கட்டம். அதற்குத் தனித் திட்டம் எழுதியிருக்கிறோம். இப்போதைக்கு ஓர் உலைதான் இருக்கிறது. தொழிலாளர்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் உலைகளுக்குப் பஞ்சம் வராது.”

கைதட்டல் எழுந்தபோது ரசாக்குக்கு இருமல் வந்தது. இந்த முறை அடக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். முகம் கறுத்தது. சிறப்பு விருந்தினர் பதறி எழுந்தார். இயக்குநர் அவரை அமர்த்தி, உற்பத்தி நடந்துகொண்டிருக்கிறது என்று மைக்கில் சொன்னார். வர்ஷினி மூடி போட்ட கிண்ணத்தோடு ஓடிவந்து, மூடியைத் திறந்து ரசாக்கின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மறுபடியும் கைதட்டினார்கள்.

குல்சும் எழுந்து அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரசாக்கின் கையைத் தோளில் போட்டு எழுப்பி, அரங்கின் நடுவாக நடந்து வெளியே வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. விழா நடந்துகொண்டிருந்தது.

தம்பிதுரை பேருந்து நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தார். வெயிலில் நடந்து வேர்த்துப் போயிருந்தார்.

“அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்தக் கிண்ணத்தை மட்டும் குடுத்துருங்க. இந்த வாரத்துதுங்க அது.”

“முடியாதுங்க,” என்றார் குல்சும். “அது இவரு நெஞ்சு. உங்களோடதில்லை.”

“நாயந்தானுங்க. ஆனா கிண்ணம் வரலீன்னா நாளைக்குக் காலைல நானே வந்து மிஷினத் தூக்கிட்டுப் போகோணுமுங்க. என்னைய அதைச் செய்ய வெச்சுறாதீங்க.”

குல்சும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரசாக் நிறுத்தத்துக் கம்பியில் சாய்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்துரு குல்சும்,” என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை.

குல்சும் பையைத் திறந்தார். தம்பிதுரை கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, பத்திரமாகப் போய்வரச் சொல்லிவிட்டு, அது குலுங்காமல் மெதுவாக மையத்தை நோக்கி நடந்தார்.

உக்கடம் பேருந்து கூட்டமாக வந்தது. ஏறி, ரசாக்குக்கு எப்படியோ ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார் குல்சும். கண்டக்டர் நெருக்கியடித்துக்கொண்டு வந்து, எத்தனை பேர் என்று கேட்டார்.

“எனக்கு லேடீஸ் டிக்கெட்டுங்க,” என்றார் குல்சும். “அவரு ஒரு ஆளு.”